புறக்கடையன்று, தலைவாயிலே
(ஆஸ்டியோபதி மருத்துவம் பயில விழைவார்க்கு ஒரு சொல்)

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் எம் அத்தை குடும்பத்தார் அமெரிக்காவினின்றும் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தனர். அத்தை மகன் அந்நாட்டிலேயே பிறந்தவர். மிச்சிகன் மாகாணத்தில் உயிரியல் பயின்று, மருத்துவக் கல்லூரியிற் புகுதற்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். யாமோ தமிழ் ஆனர்ஸ் வகுப்பினேம். மருத்துவம் எமக்குப் புலனன்று. எனினும் ஒருநாள் மாலை அவர் இரண்டு கட்டுரைகளை எம் கையிற் கொடுத்து, "தம்பி, நீ சொற்களை ஆராய்கிறவன் அல்லவா? இவற்றைப் படித்துக் குற்றம் இருந்தால் சொல்" என்றார். ஒன்று எம்.டி. பட்டம் நல்கும் கல்லூரிகட்கு, மற்றொன்று டி.ஓ. பட்டம் நல்கும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகட்கு.

இரண்டையும் வரிக்கு வரி ஒப்புநோக்கினேம். சிறு பருவம் முதல் தாம் எம்.டி. ஆக விழைந்ததாக ஒன்று கூறியது. சிறு பருவம் முதல் தாம் டி.ஓ. ஆக விழைந்ததாக மற்றொன்று கூறியது. ஏனைய அனைத்தும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. யாம் வியந்து வினவ, "இதில் என்ன தம்பி? எல்லாரும் செய்வதுதானே. அங்கே இடம் கிடைக்காவிட்டால் இங்கே போவது" என்றார் அவர். அத்தான் நல்லவர், பொய்யுரைப்பவர் அல்லர். நல்லவரும் நாணாது இவ்வாறு எழுதும் நிலை எவ்வாறு வந்தது என்னும் எண்ணமே இக்கட்டுரைக்கு வித்து. எம் கல்லூரியின் பழைய மாணாக்கர் சிலர் அந்நாட்டிற் குடியேறியுள்ளனர். அவர்தம் மக்களும் இவ்வழியில் நடத்தல் கூடுமாதலின், யாம் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை ஈண்டுக் கூறத் துணிந்தேம்.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். நம் நாட்டிலும் பிற நாடுகள் பலவற்றிலும் ஆஸ்டியோபதி வைத்தியர் என்போர் கையால் அழுத்தியும் நீவியும் எலும்பு தசைகளின் நோவை ஆற்றுவோர்; மருந்து எழுதவோ அறுவை செய்யவோ உரிமையற்றோர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டி.ஓ. பட்டம் பெற்றோர் அத்தகையர் அல்லர். நான்காண்டு மருத்துவக் கல்வியும், அதன்மேல் மருத்துவமனையிற் சிறப்புப் பயிற்சியும் பெற்று, எம்.டி. பட்டத்தார்க்கு உரிய எல்லா உரிமைகளும் உடைய முழு மருத்துவர் அவர். உடற்கூறு, நோயியல், மருந்தியல் முதலிய அனைத்தையும் அவரும் பயில்கின்றனர். இவற்றோடு ஏறத்தாழ 200 மணி நேரம் கைம்முறைச் சிகிச்சையையும் கூடுதலாகக் கற்கின்றனர். இன்று அந்நாட்டில் மருத்துவம் பயிலும் மாணாக்கருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இக்கல்லூரிகளிற் பயில்வோரே.

இந்நெறியைத் தோற்றுவித்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பார். அவர் 1828-ஆம் ஆண்டு வர்ஜீனியாவிற் பிறந்தார். அவர் தந்தையார் மெதடிஸ்ட் போதகராகவும் வைத்தியராகவும் இருந்தவர். ஸ்டிலும் வைத்தியத் தொழிலையே மேற்கொண்டார். 1864-ஆம் ஆண்டில் மூளையுறை அழற்சி நோய் அவருடைய குழந்தைகள் மூவரைக் கொண்டுபோயிற்று. பாதரசச் சரக்குகளை மருந்தென நம்பி ஊட்டிய காலம் அது. தம் மக்களைக் காக்க மாட்டாத வைத்தியத்தின்மேல் ஐயங்கொண்ட அத்தந்தை, உடம்பின் அமைப்பை மீண்டும் ஆராயப் புகுந்தார். 1874-ஆம் ஆண்டில் தம் கொள்கையை வெளியிட்டார். கான்சாஸ் மாகாணத்தில், தம் குடும்பத்தார் நிறுவத் துணைநின்ற பேக்கர் சர்வகலாசாலையிலேயே அதனைக் கற்பிக்க இடம் வேண்டினார், மறுக்கப்பட்டார். பின்னர் 1892-ஆம் ஆண்டில் மிசௌரி மாகாணத்துக் கர்க்ஸ்வில் என்னும் சிற்றூரில் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதன் முதல் வகுப்பிலேயே பெண்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர் என்பது போற்றத்தக்கது.

ஸ்டில் கூறியன அனைத்தும் இக்கால ஆராய்ச்சியில் நிலைபெற்றன என்று யாம் கூறேம். கைம்முறைச் சிகிச்சை இடுப்புவலி போன்ற சிலவற்றிற்குப் பயன் தருகின்றது. அதன்பேரிற் சொல்லப்படும் வேறு சில பயன்கட்குப் போதிய சான்று இல்லை. அவருக்குப் பின்வந்தோர் மருந்தையும் அறுவையையும் ஏற்று, அந்நெறியை முழு மருத்துவமாக வளர்த்தனர். விண்ணப்பிப்போர் இவ்வரலாற்றை உள்ளவாறு அறிதல் வேண்டும். புகழ்ந்துரைக்கும் பொருட்டன்று, புகும் வீடு எத்தகையது என்று தெரிந்துகொள்ளும் பொருட்டு.

இனி, அத்தான் கட்டுரையில் மாறிய அவ்விரண்டு எழுத்துக்களுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1961-ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாகாணத்தில் இருதிறத்து மருத்துவச் சங்கங்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி, அங்கிருந்த டி.ஓ. மருத்துவர் 65 டாலர் செலுத்தித் தம் பட்டத்தை எம்.டி. என்று மாற்றிக்கொள்ளலாயிற்று. ஏறத்தாழ இரண்டாயிரவர் அவ்வாறு மாற்றிக்கொண்டனர். அவர்தம் கல்லூரியும் எம்.டி. கல்லூரியாயிற்று; புதிய டி.ஓ. மருத்துவர்க்கு அம்மாகாணத்தின் கதவு அடைபட்டது. 1974-ஆம் ஆண்டில் அம்மாகாண உச்சநீதிமன்றத்தின் தீர்ப்பினாலேயே அது மீண்டும் திறந்தது. நேற்றுவரை நோயாளியைத் தொட்ட கையே மறுநாளும் தொட்டது. அறிவு கூடவுமில்லை, குறையவுமில்லை. பெயர்ப்பலகை ஒன்றே மாறிற்று. அந்நாளில் 65 டாலருக்கு விற்ற எழுத்தை, இந்நாளில் மாணாக்கர் விலையின்றியே மாற்றி எழுதுகின்றனர். எழுத்தைப் பொருட்படுத்தாமை இரண்டிற்கும் பொது என்பதே எமது துணிபு.

இருவகைக் கல்லூரிக்கும் விண்ணப்பித்தல் தவறோ எனின், அன்று. இரண்டு வாயிலையும் ஒருவர் நேர்மையாகத் தட்டலாம். எம்.டி. பட்டத்தைச் சிலர் விரும்புதற்குக் காரணமும் உண்டு. போட்டி மிகுந்த சில சிறப்புத் துறைகளிற் பயிற்சியிடம் பெறுதல் டி.ஓ. பட்டத்தார்க்கு இன்றும் கடினமாகவே உள்ளது. 2020-ஆம் ஆண்டில் இருதிறத்துப் பயிற்சியிடங்களும் ஒரே அமைப்பின் கீழ் வந்தபின்னும் அவ்வேற்றுமை முற்றும் நீங்கிற்றில்லை. இதனை மறைத்துப் பேசுவோர் மாணாக்கர்க்கு நண்பர் அல்லர். யாம் தவறென்பது, ஒரு வீட்டிற்குப் புறக்கடை வழியே நுழைய எண்ணிக்கொண்டு, தலைவாயிலில் நின்று உறவு கொண்டாடுதலையே. அவ்வாறு புகுந்தோன் நான்காண்டும் தன்னைத் தோற்றவனாகவே எண்ணித் துன்புறுவான். அவனை நம்பி வரும் நோயாளிக்கும் அத்துன்பத்திற் பங்குண்டு.

நிற்க. விண்ணப்பிப்போர் கருதத்தக்க சிலவற்றை முறையே கூறுவேம்.

முதலாவது, எழுதுமுன் காணுதல். ஆஸ்டியோபதி மருத்துவர் ஒருவரிடம் சென்று, அவர் நோயாளியை எங்ஙனம் நோக்குகின்றார், எங்ஙனம் தொடுகின்றார் என்று பல நாள் உடனிருந்து காணுதல் வேண்டும். கல்லூரிகள் பல ஒரு டி.ஓ. மருத்துவரிடமிருந்து நற்சான்றுக் கடிதம் கேட்கின்றன. சில அதனைக் கட்டாயமாகவே கேட்கின்றன. கடிதத்திற்காகவே இரண்டு நாள் சென்று மீள்வோர் பலர். கண்டது மனத்தில் தங்கினாலன்றி, 5,300 எழுத்துக்குள் அடங்கவேண்டிய தன்கூற்றுக் கட்டுரையில் உயிர் இராது. நேர்காணலிலும், எம் நெறியை ஏன் விரும்பினீர் என்பதே தவறாது வரும் வினா.

இரண்டாவது, மதிப்பெண். ஒரு பாடத்தை மீண்டும் பயின்றால் பழைய மதிப்பெண் மறைந்து புதியதே கணக்கிற் கொள்ளப்படும் என்று இன்றும் பலர் நம்புகின்றனர். விண்ணப்பங்களைத் திரட்டும் ஏகாமாஸ் என்னும் பொது நிலையம் அவ்வழக்கத்தை 2017-ஆம் ஆண்டிலேயே கைவிட்டது. இப்போது முயற்சி ஒவ்வொன்றும் கணக்கில் வரும். பழைய அறிவுரையை நம்பிப் பணமும் காலமும் இழத்தல் வேண்டா. எம்.காட் என்னும் நுழைவுத் தேர்வு 472 முதல் 528 வரை மதிப்பிடப்படுவது. ஏழரை மணி நேரம் ஒரே நாளில் நிகழ்வது. ஆயத்தமின்றி ஒருமுறை எழுதிப் பார்ப்போம் என்பது பேதைமை.

மூன்றாவது, காலம். ஏகாமாஸ் மே மாதத் தொடக்கத்திற் கதவு திறக்கின்றது. பெரும்பாலான கல்லூரிகள் வரவர விண்ணப்பங்களை நோக்கி, வரவர இடங்களை நிரப்புகின்றன. கடைசி நாள் வரை காத்திருப்போன், பந்தி முடிந்தபின் இலை போடக் கேட்பவனை ஒப்பான். பயின்ற கல்லூரி அனைத்தினின்றும் மதிப்பெண் பட்டியல் நேரே சென்று சேர்தல் வேண்டும். அவற்றைச் சரிபார்க்கப் பல வாரம் ஆகும். ஆயினும், அரைகுறைக் கட்டுரையை முதல்நாள் அனுப்புதலினும், நல்ல கட்டுரையைச் சில வாரம் பொறுத்து அனுப்புதலே நன்று.

நான்காவது, பணம். இதனைப் பெற்றோரும் கேட்டல் வேண்டும். பொது விண்ணப்பத்திற்கு ஒரு கட்டணம். அதன்பின் ஒவ்வொரு கல்லூரியும் அனுப்பும் இரண்டாம் விண்ணப்பத்திற்குத் தனித்தனிக் கட்டணம். தகுதியை நோக்காது எல்லார்க்கும் இரண்டாம் விண்ணப்பம் அனுப்பிக் கட்டணம் பெறும் கல்லூரிகளும் உள. இது கல்விச்சாலைக்கு அழகன்று. இடம் கிடைத்தால் அதனை நிறுத்திவைக்கக் கட்டும் பெருந்தொகை பலவிடத்துத் திரும்பி வாராது. தனியார் கல்லூரிகளிற் பெரும்பாலானவற்றிற் கல்விக் கட்டணமே ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேற்படும். 2025-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறும் மருத்துவ மாணாக்கர்க்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரையறுக்கப்பட்டது. எஞ்சிய தொகைக்கு வழி யாது என்பதை முதலாண்டிலன்று, விண்ணப்பிக்கும் முன்னரே எண்ணுதல் வேண்டும்.

ஐந்தாவது, கல்லூரியைத் தேர்தல். இத்தகைய கல்லூரிகள் இன்று நாற்பதிற்கு மேற்பட்டவை. அவற்றுட் பலவற்றிற்குச் சொந்த மருத்துவமனை இல்லை. மூன்றாம் நான்காம் ஆண்டு மாணாக்கரை வெவ்வேறு ஊர் மருத்துவமனைகட்கு அனுப்புகின்றன. எவ்வூருக்கு அனுப்புவீர், அங்குக் கற்பிப்பார் யார், சென்ற ஆண்டு மாணாக்கர் எத்துறைகளிற் பயிற்சியிடம் பெற்றனர் என்று நேர்காணல் நாளிலேயே வினவுக. வினவுதல் செருக்கன்று. இன்னும் ஒன்று: டி.ஓ. மாணாக்கர் காம்லெக்ஸ் என்னும் மூன்றுபடித் தேர்வை எழுதியே தீரவேண்டும். பயிற்சியிடம் கருதி எம்.டி. மாணாக்கர்க்குரிய தேர்வையும் சேர்த்தெழுதுவோர் பலர். இவ்விரட்டைச் சுமையையும் அறிந்தே புகுதல் நன்று.

நம் நாட்டிலிருந்து நேரே விண்ணப்பிக்க எண்ணுவார்க்கும் ஒரு சொல். கல்லூரிகள் பல பிறநாட்டு மாணாக்கரைச் சேர்ப்பதில்லை. சேர்ப்பனவும் பெரும்பாலும் முற்பாடங்களை அமெரிக்காவிலேயே பயின்றிருத்தல் வேண்டும் என்று கேட்கின்றன. கட்டணம் கட்டுமுன் அவ்வக் கல்லூரிக்கே எழுதி விடை பெறுக. இங்குச் சில திங்களில் முடியும் ஆஸ்டியோபதிப் பயிற்சியை அப்பட்டத்தோடு ஒன்றெனக் கருதி ஏமாறற்க.

விண்ணப்பம் மறுக்கப்படின் யாது செய்வது? குறையை நாடி, அதனைத் திருத்தி, மறுமுறை தட்டுக. அதே விண்ணப்பத்தை நாள் மாற்றி அனுப்புதல் முயற்சியாகாது. இந்நெறியின் முதல்வரே தமக்கு உரிமையுள்ள வாயிலில் மறுக்கப்பட்டவர் என்பதை நினைவிற் கொள்க.

அத்தான் கதையை முடித்துவிடுவேம். யாம் கூறியதைக் கேட்டு அவர் இரண்டு நாள் எம்மோடு பேசவில்லை. ஊர் திரும்பியபின், மிச்சிகனில் ஒரு சிற்றூர் டி.ஓ. மருத்துவரிடம் மூன்று வாரம் சென்றிருந்தார். முதுகு நோவால் வந்த உழவர் ஒருவரை அம்மருத்துவர் கால்மணி நேரம் கையால் ஆராய்ந்து, பின்னர் இஃது எலும்பின் நோவன்று, சிறுநீரகத்தின் நோவு என்று கண்டு உடனே மருத்துவமனைக்கு அனுப்பினாராம். அதனைக் கண்ட அத்தான் கட்டுரையைப் புதிதாக எழுதினார். "இந்நெறியை முதலில் இரண்டாம் வழி என்றே எண்ணினேன், அவ்வாறு எண்ணியது என் அறியாமை" என்பது அதன் தொடக்கம். அதனை அனுப்பலாமோ என்று எம்மைக் கேட்டார். அனுப்புக என்றேம். இதற்குள் ஜூலை மாதம் கடந்துவிட்டது. சில கல்லூரிகளில் இடங்கள் நிரம்பத் தொடங்கியிருந்தன. அவ்விழப்பில் எமக்கும் பங்குண்டு என்பதை மறுக்கேம். ஒரு கல்லூரி அவரை நேர்காணலுக்கு அழைத்துள்ளது.

அக்கல்லூரி அவரை ஏற்பினும் ஏலாதொழியினும், எழுதிய சொல்லுக்கு அவர் இனி நாணவேண்டுவதில்லை. பிறர் உடம்பைத் தொட்டு ஆற்றும் தொழிலுக்குச் செல்வோர், தம்மைப் பற்றிய முதற்சொல்லை மெய்யாக எழுதிப் பழகுவாராக. அங்ஙனம் எழுதுவார்க்குத் தட்டும் வாயில் எதுவாயினும் அது தலைவாயிலே.

— தமிழ் ஆனர்ஸ் மாணவன்