நூலகக் கதவு எமக்கும் திறக்க வேண்டும்

சில மாதங்களுக்கு முன் நலன்புரி நிலையமொன்றில் வாழும் பிள்ளை ஒருத்தி, அருகிலுள்ள பொது நூலகத்தில் அங்கத்தவராவதற்குப் படிவம் வாங்கி வந்தாள். அந்தப் பிரதேச சபைக்குச் சோலைவரி செலுத்தும் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்று அதில் இருந்தது. தகப்பனுக்கு வலிகாமம் வடக்கிலே தோட்டக் காணி உண்டு. 1990இல் விட்டு வந்தது. இங்கே ஒரு பரப்பும் இல்லை. படிவம் இன்னும் நிரப்பப்படவில்லை.

புத்தகம் பொதுச் சொத்து. அது தொலைந்தால் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும் என்பது நியாயமே. ஆனால், "நீங்கள் இங்கே வரி கட்டுபவர்களல்லவே" என்ற சொல்லை எம்மக்கள் தலைகுனிந்து ஏற்பதைக் காணும்போதுதான் எமக்கு மனவருத்தம்.

நூலகம் யாருடைய பணத்தில் நடக்கிறது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபைகளுக்குப் பொது நூலகங்களை நடத்தும் அதிகாரத்தைக் கொடுத்துள்ளது. சோலைவரி, கடைவாடகை, அனுமதிக் கட்டணம், முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் என்பன சபையின் வருமானங்கள். ஆயினும் ஊழியர் சம்பளத்தின் பெரும் பங்கு மாகாண சபையூடாக மத்திய திறைசேரியிலிருந்தே வருகிறது. அந்தத் திறைசேரியை நிரப்புவது, நாம் கடையில் வாங்கும் பொருள்களில் அடங்கிய வரியுமாகும். ஆகவே, காணியற்று இருப்பவரும் நூலகத்துக்குப் பங்களித்தவரே.

"வீடும் காணியும் இல்லாதவனுக்குப் புத்தகம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானியை நினைத்துப் பாருங்கள். வட மாகாணத்தில் 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துள் உரிமை கோராவிடின் அது அரச காணியாகும் என்ற அறிவித்தல் அது. பலத்த எதிர்ப்பின் பின்னர் அது மீளப்பெறப்பட்டது. ஆனால் அந்த அறிவித்தலை ஆரம்பத்திலேயே கண்டவர் எம்மில் எத்தனை பேர்? வர்த்தமானியும் பத்திரிகையும் ஓரிடத்தில் ஒழுங்காகக் கிடைத்தால், எம் காணிக்கு வரும் ஆபத்தை நாமே முதலில் அறிவோம். காணியற்றவனுக்கே நூலகம் அதிகம் தேவை.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதை எமக்குப் பாடமாகும். 1933இல் க. மு. செல்லப்பா தமது வீட்டிலே தொடங்கிய வாசிகசாலையை 1935இல் நகர சபை பொறுப்பேற்றது. பின்னர் லோங் அடிகளார் போன்றோரும் ஊர் மக்களும் உழைத்ததனால் 1959இல் பெரிய கட்டடம் திறக்கப்பட்டது. 1981இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடு அது எரிக்கப்பட்டபோது, அந்த இழப்பைத் தம்முடையதாகக் கருதி அழுதவர்கள் வரியிறுப்பாளர் மட்டுமல்லர். மக்கள் தொடங்கினர், சபை பொறுப்பேற்றது. இரண்டும் சேர்ந்தாலே நூலகம் நிலைக்கும்.

மேற்பார்வையும் அப்படியே. 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை உள்ளூராட்சிச் சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் இருக்கவில்லை, அதிகாரிகளே நிர்வகித்தனர். அக்காலத்தில் எவரிடம் முறையிடுவது என்று தெரியாதிருந்தோம். இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இனி மௌனமாயிருந்தால் குறை எம்முடையதே.

நாம் செய்யக்கூடியவை சில. முதலாவதாக, அங்கத்துவம் இல்லாமலே பத்திரிகைப் பகுதியிலும் சிறுவர் பகுதியிலும் இருந்து வாசிக்கலாமா என்று நூலகரிடம் கேட்டறிந்து பிள்ளைகளை அனுப்புங்கள். இரண்டாவதாக, வரியிறுப்பாளரின் பிணைக்குப் பதிலாகக் கிராம சேவகரினதோ பாடசாலை அதிபரினதோ கடிதத்தை ஏற்கும்படி சபைத் தவிசாளருக்கு நிலைய மக்கள் சேர்ந்து எழுதுங்கள். மாதம் ஒருமுறை மாற்றித் தரப்படும் ஒரு நூற்பெட்டியையும் அதே கடிதத்தில் கேளுங்கள். மூன்றாவதாக, வரவு செலவுத் திட்டம் ஆண்டு முடிவதற்குள் நிறைவேற்றப்படுவதால் அதற்கு முன்னரே இக்கடிதம் போய்ச்சேர வேண்டும். நூல் வாங்க எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று என்பதை 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் எழுத்தில் கேட்கலாம். அதற்குக் காணி உறுதி தேவையில்லை.

இது பிச்சை கேட்பதல்ல, கணக்குக் கேட்பது. அந்தப் பிள்ளையின் படிவம் இவ்வாண்டு முடியுமுன் நிரப்பப்பட வேண்டும்.