ஒலிநூலும் கேள்வியும்

நூலைக் கண்ணாற் படிப்பவனே கற்றவன். காதாற் கேட்பவன் சோம்பேறி என்று கூறுவோர் நம்மிடையே பலர். இக்கூற்றுப் பொருந்துமா என்பதைச் சிறிது ஆராய்வோம். திருவள்ளுவர் 'கல்வி'க்கு 40-ஆம் அதிகாரத்தை வகுத்ததோடு அமையாது, 'கேள்வி'க்கு 42-ஆம் அதிகாரத்தைத் தனியே வகுத்தார். ஆதலின் செவிவழிக் கல்வி நமக்குப் புதிதன்று. கைப்பேசியிற் கேட்கும் ஒலிநூலுக்கும் முன்னோடி உண்டு. முதல் உலகப் போரிற் கண்ணிழந்த வீரர் முதலானோர்க்கென, இசைத்தட்டுகளிற் பதிவு செய்யப்பெற்ற பேசும் நூல்கள் 1935-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் வெளிவந்தன.

கதைகளைக் கேட்டு மகிழலாம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அரசியலாளர் வரலாறும் பொருளாதார வரலாறும் செவிக்கு ஏற்றவையா என்பதே வினா. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த நூலொன்றை எடுத்துக்கொள்வோம். ஜான் மேனார்டு கெயின்ஸ் என்னும் பொருளியலறிஞர், 1919-ஆம் ஆண்டு பாரிஸ் சமாதான மாநாட்டிற் பிரிட்டிஷ் கருவூலத்தின் பிரதிநிதியாயிருந்தார். ஜெர்மனியின்மேற் சுமத்தப்பட்ட நிபந்தனைகளைப் பொறாது ஜூன் மாதத்திற் பதவி துறந்து, அவ்வாண்டு டிசம்பரிற் 'சமாதானத்தின் பொருளாதார விளைவுகள்' என்னும் நூலை வெளியிட்டார்.

இந்நூலை நான் கல்லூரிக்கு வரும் பேருந்தில் அமர்ந்து கேட்டேன். பிரான்சின் தலைவர் கிளெமன்சோ சாம்பல்நிறக் கையுறை களையாது வீற்றிருத்தலும், அமெரிக்க ஜனாதிபதி வில்சன் பிறர் சூழ்ச்சியறியாது மயங்குதலும் கண்முன் தோன்றின. வாசிப்பவரின் குரலினிமையும் உடன் சேரவே, கெயின்ஸ் கூறியதனைத்தும் உண்மையென்று துணிந்தேன். சில நாட் கழித்து வகுப்பில் எழுந்து, ஜெர்மனியாற் செலுத்தவியலாத தொகையை நேச நாடுகள் கேட்டன என்று முழங்கினேன். ஆசிரியர் அமைதியாக, "அவர் கணக்கின்படி செலுத்தவியலும் தொகை எவ்வளவு, தம்பி?" என வினவினார். கையுறை நினைவிலிருந்தது, கணக்கு நினைவிலில்லை. நாணித் தலைகுனிந்தேன்.

விடை கூறியவர் பார்வையற்ற என் வகுப்புத் தோழர். கெயின்ஸ் வகுத்த மொத்தத் தொகை 2,000 மில்லியன் பவுன். ஒப்படைத்த கப்பல் முதலியவற்றிற்காக 500 மில்லியன் கழிய எஞ்சுவது 1,500 மில்லியன். அதனை ஆண்டுக்கு 50 மில்லியனாக 30 ஆண்டுகளிற் செலுத்தலாம் என்பது அவர் கருத்து. 1921-இல் நேச நாடுகள் விதித்ததோ 13,200 கோடித் தங்க மார்க். அஃதாவது ஏறத்தாழ 6,600 மில்லியன் பவுன். இத்தனையும் கூறியபின் தோழர் வேறொன்றும் சொன்னார்: "எட்டியன் மான்டூ என்னும் பிரெஞ்சுக்காரர், ஜெர்மனி செலுத்தியிருக்கக்கூடும் என்று வாதிட்டுக் கெயின்ஸை மறுத்திருக்கிறார். 1945-இற் போரில் அவர் மாண்டபின், 1946-இல் அந்நூல் வெளிவந்தது. அதனையும் அறியாமல் முடிவு கட்டலாகாது."

நாங்கள் இருவரும் கேட்டது ஒரே நூல். அவர் ஒவ்வோர் எண்ணிலும் குரலை நிறுத்திப் பிரெய்லி எழுத்திற் குறித்துக்கொண்டு மீண்டும் கேட்டிருந்தார். நானோ சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டேன். ஆகவே குற்றம் செவியினதன்று, என்னுடையதே.

எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். அச்சிட்ட பக்கம் நமக்காகக் காத்திருக்கும், குரல் காத்திராது. மனிதர் குணங்களைக் குரல் எளிதிற் பதிய வைக்கும். எண்களைப் பதிய வைக்காது. இனிய குரலோ, ஆசிரியரின் சார்பையும் நடுநிலைபோலத் தோற்றுவிக்கும். ஆதலின் இத்தகைய நூல்களைக் கேட்போர் வேண்டுமிடத்து நிறுத்துக, தொகைகளைக் குறித்துக்கொள்க, அச்சு நூலின் அட்டவணைகளையும் நோக்குக, எதிர்வாதம் செய்த நூலொன்றையேனும் தேடிக் கற்க.

நம் மொழியிற் 'கேள்வி' என்னும் சொல்லுக்குச் செவியால் அறிதல் என்றும் வினா என்றும் இரு பொருள் உண்டு. முன்னதோடு நின்றவன் பிறர் கருத்தைச் சுமப்பவனாவான். பின்னதையும் கைக்கொண்டவனே கற்றவனாவான். மாணவ நண்பர்காள்! ஒலிநூல்களைத் தயக்கமின்றிக் கேண்மின். கேட்டபின் வினவவும் மறவாதீர்.