குப்பையில் ஒரு குன்றிமணி



குன்றிமணி குப்பையில் கிடந்தாலும் நிறம் மங்காது என்பர் நம் முன்னோர். அக்குன்றிமணியால் அவர்கள் நிறுத்த பொன்னுக்கும் இம்மொழி பொருந்தும். பழுதென்று நாம் ஒதுக்கிவைத்த கைப்பேசியிலும் கணினியிலும், துருப்பிடியாமல் மின்னோட்டத்தைக் கடத்தவேண்டிய இணைப்பு முனைகளில், மெல்லிய பூச்சாகப் பொன் உறைகின்றது.

அதனை எடுக்கும் வழி யாது? சீனத்தின் குவாங்டாங் மாநிலத்துக் குய்யூ என்னும் ஊரில், பல்லாண்டுகளாக மின்சுற்றுப் பலகைகளைத் திறந்த அடுப்பில் வாட்டி, அமிலத் தொட்டியில் இட்டுப் பொன் எடுத்தனர். அண்டை ஊர்ச் சிறாரைவிட அவ்வூர்ச் சிறாரின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததை 2007-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு எடுத்துரைத்தது. பெற்றோர் ஈட்டிய பொன்னுக்குப் பிள்ளைகள் விலை கொடுத்தனர்!

வேறு வழி உண்டா? உண்டு. பால் திரிந்து கட்டியாகும்போது பிரியும் தெளிநீரை நம் இல்லத்தரசியர் அறிவர். பாற்கட்டித் தொழிலில் மிஞ்சும் அந்நீரின் புரதத்தை நுண்ணிழைகளாக்கி உலர்த்தி, கடற்பஞ்சு போன்றதொரு பொருளைச் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ரஃபேலே மெசெங்காவின் குழுவினர் அமைத்தனர். 20 பழைய கணினிகளின் தாய்ப்பலகை உலோகங்களை அமிலத்தில் கரைத்து, அதில் இப்பஞ்சை இட்டனர். ஏனைய உலோகங்களைவிடப் பொன்னையே அது மிகுதியாகப் பற்றியது. பஞ்சைச் சூடாக்கிப் பெற்ற துகள்களை உருக்கியபோது கிடைத்தது 450 மில்லிகிராம் கட்டி. மூன்று நான்கு குன்றிமணி எடை. 22 காரட் தரம்! இச்செய்தி 2024-இல் வெளியாயிற்று.

இம்முறையிலும் அமிலம் உண்டு என்பதை மறைத்தலாகாது. அதனை ஆற்றில் விடாது கலத்தினுள் அடக்கி ஆளுதல் எம்முறைக்கும் இன்றியமையாதது. கொல்லைப்புறத்தில் அது கைகூடுமோ?

2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன். முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடே என்கிறது ஐ.நா. அறிக்கை. எஞ்சியவற்றுள் நம் வீட்டுப் பொருள்களும் இருக்கலாம் அன்றோ?

நம் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, இக்கழிவைக் கையாள்வோர் அரசிடம் பதிவு பெறவேண்டும். மேசை அறையில் உறங்கும் பழைய கைப்பேசியை அத்தகையோரிடம் சேர்ப்போம். தெருவில் வரும் பழைய சாமான் வியாபாரியைப் பழிக்க வேண்டா. ஆனால் அவர்வழிச் சென்ற பலகை எங்கோ எரியுமானால், அப்புகையை முதலில் உட்கொள்பவர் எரிக்கும் ஏழையும் அவர்தம் மழலையருமே. நாம் விட்டெறிவது நம் வாசலோடு முடிந்துவிடுவதில்லை. சிந்திப்போம்.