எல்லாம் சார்புதானா?

1922 ஏப்ரல் 6 அன்று பாரிஸில் ஐன்ஸ்டைனும் தத்துவவாதி ஆன்றி பெர்க்சனும் நேருக்கு நேர் விவாதித்தார்கள். கடிகாரம் அளக்கும் காலம் வேறு, நாம் வாழ்ந்து உணரும் காலம் வேறு என்றார் பெர்க்சன். தத்துவவாதிகளுக்கென்று தனிக் காலம் ஏதும் இல்லை என்றார் ஐன்ஸ்டைன். பெர்க்சன் அதோடு நிற்கவில்லை. விண்ணுக்குப் போய்த் திரும்புகிறவனுக்கு வயது குறைந்திருக்காது என்றும் அதே ஆண்டு வெளிவந்த தம் நூலில் வாதிட்டார்.

ஐன்ஸ்டைனின் சார்பியல் சொல்லும் கணக்கைப் பார்ப்போம். இரட்டைச் சகோதரிகளில் ஒருத்தி, ஒளியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு வேகத்தோடு 4 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீனுக்குப் போய் உடனே திரும்புகிறாள். பூமியில் இருந்தவளுக்கு 10 ஆண்டு கூடியிருக்கும். போய்வந்தவளுக்கு 6 ஆண்டுதான். நான் அசையவில்லை, பூமிதான் போய்வந்தது என்று பயணி வாதிட முடியாதா? முடியாது. பூமியில் இருந்தவள் தொடக்கம் முதல் ஒரே நிலைமக் குறிப்பாயத்தில், அதாவது வேகமும் திசையும் மாறாத ஒரே அளவீட்டுச் சட்டகத்தில், இருந்தாள். பயணியோ நடுவழியில் திரும்பியபோது வேறொரு குறிப்பாயத்துக்கு மாறினாள். அந்த உந்துதலை அவள் உடலே உணர்ந்திருக்கும். ஒரே ஊரில் கிளம்பி வேறு வேறு வழியில் வந்து சேரும் இரண்டு வண்டிகள் ஒரே கிலோமீட்டரைக் காட்டுவதில்லை. காலவெளியிலும் பாதைக்கேற்பக் கழியும் காலம் மாறும்; திரும்பாமல் வளையாமல் செல்லும் பாதையில்தான் அது மிக அதிகம்.

பெர்க்சன் 1941 ஜனவரியில் காலமானார். அடுத்த மாதமே, மியூவான் துகள்கள் வேகம் கூடக்கூட மெதுவாகச் சிதைவதை அளந்த ரோஸி, ஹால் இருவரின் கட்டுரை வெளிவந்தது. 1977இல் செர்ன் ஆய்வகம், வளையத்துக்குள் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்த மியூவான்களை ஆராய்ந்தது. அசையாத மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவிநாடி, சுற்றியவை வாழ்ந்தது ஏறத்தாழ 64 மைக்ரோவிநாடி. இரட்டையர் கதை ஆய்வகத்தில் நிரூபணமானது.

வாழ்ந்த காலம் பற்றிய பெர்க்சனின் சிந்தனை இன்றும் இலக்கியத்துக்கு உரமூட்டுவது. ஆனால் இரு கடிகாரங்கள் ஒத்துப்போகுமா என்பதை அளந்துதான் தீர்மானிக்க வேண்டும். நம் விமர்சன மேடைகளில் ‘எல்லாமே சார்புதான்’ என்பதை ஐன்ஸ்டைன் தலையில் கட்டுவதும் இதே வகைப் பிழை. ஒளியின் வேகம் எந்த நிலைமக் குறிப்பாயத்திலும் ஒன்றே. யார் இளையவர் என்பதிலும், மீண்டும் சந்திக்கும் சகோதரிகளுக்குள் கருத்து வேறுபாடே இராது.

அறிவியலை வெறும் உவமைக்காகக் கடன் வாங்குவதை நிறுத்துவோம். இயற்பியல் பயின்ற வாசகர்களே, கணக்கை ஒதுக்காமல் நல்ல தமிழில் எழுதி அனுப்புங்கள். கதைக்கும் கவிதைக்கும் தரும் அதே இடத்தை இவ்விதழ் உங்களுக்கும் தரும்.