ஆர்வம் இல்லாமல் இல்லை, பில் கட்ட முடியவில்லை



நீளமான பதிவு. "டீச்சர் மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க" என்று நினைப்பவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம். பரீட்சை வைக்கமாட்டேன்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். பெயர் வேண்டாம். பெங்களூரில் மென்பொருள் வேலை, நல்ல பிள்ளைதான். இந்தியாவுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15-இல் வந்ததாம். நம்ம திருவண்ணாமலை மாதிரி ஊர்களில் அன்றைக்கு அதில் யாருக்கும் ஆர்வமே இல்லையாம். இன்றைக்கும் மலைக்கிராமத்துப் பிள்ளைகள் படிப்புச் செயலிகளைத் தொடாமல் இருப்பதற்குக் காரணம் அதே ஆர்வமின்மைதானாம். நூறு லைக்குக்கு மேல். அதில் பாதி என் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் போட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தேதி. 1995-இல் வி.எஸ்.என்.எல். தொடங்கியது பொதுமக்களுக்கான இணையச் சேவை. அதற்கு முன்பே பம்பாய் போன்ற ஊர்களில் தனி ஆட்கள் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரு டெலிபோன் இணைப்பு வைத்து "புல்லட்டின் போர்டு" நடத்தினார்கள். சுருக்கமாக பி.பி.எஸ். மற்றவர்கள் போன் போட்டு உள்ளே வந்து கடிதம் எழுதிவிட்டுப் போவார்கள். என் தம்பி அப்போது பம்பாயில் வேலை. லீவுக்கு வரும்போதெல்லாம் இதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. அம்மாவுக்கு எரிச்சலே வரும்.

ஒரு பி.பி.எஸ்.ஸிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் போக ஃபிடோநெட் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. 1984-இல் அமெரிக்காவில் டாம் ஜென்னிங்ஸ் என்பவர் தொடங்கியது. அவர் இருந்தது சான் ஃபிரான்சிஸ்கோ, கூட்டாளி ஜான் மாடில் இருந்தது பால்டிமோர். நாட்டின் இரண்டு கோடி. பகலில் போன் போட்டால் பில் எகிறும், இரவில் மலிவு. ஆகவே பகலெல்லாம் கடிதங்களைச் சேர்த்து வைத்து, நடுஇரவில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைத் தானே அழைத்து மொத்தமாகக் கொடுத்துவிடும்.

அந்த மென்பொருளை அமைப்பது எப்படி என்று தம்பி நோட்டில் எழுதிக் காட்டுவான். உங்களில் மென்பொருள் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதில் முக்கியமான வேலையே செலவைச் சொல்லிக் கொடுப்பது. எந்த எண்ணை அழைத்தால் எவ்வளவு ஆகும் என்று பட்டியல் எழுத வேண்டும். பிறகு நேர அட்டவணை: இந்த மணி முதல் இந்த மணி வரை உள்ளூர் எண்களை மட்டும் கூப்பிடு, இன்ன தொகைக்கு மேல் ஆகும் எண்ணைத் தொடாதே, அவசரக் கடிதம் என்று குறி போட்டதை மட்டும் உடனே அனுப்பு. இவ்வளவும் சொன்ன பிறகுதான் அது வேலையையே தொடங்கும்.

கணக்கு டீச்சர் என்பதால் கணக்கையும் போட்டுவிடுகிறேன். 2400 வேக மோடம் விநாடிக்குச் சுமார் 240 எழுத்து அனுப்பும். 2,000 எழுத்துள்ள ஒரு கடிதத்துக்கு எட்டு விநாடி போதும். ஆனால் இரண்டு மோடமும் கீச்சுக் கீச்சென்று கத்தி ஒன்றையொன்று புரிந்துகொள்ள அரை நிமிடம் போய்விடும். இருபது கடிதத்தைத் தனித்தனியாக அனுப்பினால் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல். ஒரே மூட்டையாகக் கட்டி, பாதியாகச் சுருக்கி அனுப்பினால் இரண்டு நிமிடம்கூட ஆகாது. எஸ்.டி.டி. மீட்டருக்கு நீங்கள் பேசினாலும் மோடம் கத்தினாலும் ஒன்றுதான்.

அந்த மீட்டர் உங்களுக்கு நினைவிருக்கிறதா? தூரத்துக்குத் தக்கபடி சில விநாடிக்கு ஒரு யூனிட் என்று சிவப்பு எண் ஓடும். இரவு ஏற ஏறக் கட்டணம் பாதியாகும், பிறகு கால்வாசியாகும். பௌர்ணமி இரவில் கிரிவலம் முடித்தவர்கள் கால் வலியோடு தேரடி வீதி பூத் வாசலில் மணியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வீட்டுக்கு "வந்துட்டோம்" என்று ஒரு வார்த்தை சொல்லத்தான். கட்டணம் குறையட்டும் என்று காத்திருக்கும் அந்தப் புத்தியைத்தான் ஜென்னிங்ஸ் மென்பொருளாக எழுதினார். நம் ஊர் சனங்களுக்கு இதையெல்லாம் புரியவைக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

அப்படியானால் ஏன் இங்கே அது வரவில்லை? தம்பி இங்கேயே ஒன்று தொடங்கலாம் என்று ஆசைப்பட்டான். தடையாக நின்றவை இரண்டு. ஒன்று, சென்னைக்குக்கூட எஸ்.டி.டி.தான். சென்னையில் உள்ளவருக்கு உள்ளூர் அழைப்பு, நமக்கு 190 கிலோமீட்டர் தூரத்து அழைப்பு. அதே கடிதம், அதே மோடம், பல மடங்கு பில். இரண்டாவது இன்னும் மோசம். 90-களின் நடுவில் தொலைத்தொடர்புத் துறை, 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பி.பி.எஸ். நடத்த ஆண்டுக்கு 15 லட்ச ரூபாய் உரிமக் கட்டணம் என்றது. வீட்டுத் திண்ணையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பவனிடம் அணைக்கட்டு வரி கேட்பது மாதிரி. டெல்லியில் அருண் மேத்தா போன்றவர்கள் "ஃப்ரீ" என்ற அமைப்பாகச் சேர்ந்து எதிர்த்தார்கள். வி.எஸ்.என்.எல். இணையமும் முதலில் பெருநகரங்களுக்குத்தான் வந்தது. தனி ஆளுக்கு 250 மணி நேரம் 5,000 ரூபாய். அன்றைய என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

1998 நவம்பரில் தனியார் இணைய நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்தபோது உரிமக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? முதல் ஐந்து ஆண்டு ஒன்றுமில்லை. அதன்பின் ஆண்டுக்கு ஒரு ரூபாய். கடிதம் பரிமாற நினைத்த தனி ஆளுக்கு 15 லட்சம், கம்பெனிக்கு ஒரு ரூபாய். இதை எழுதும்போதே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இத்தனையும் நடந்த பிறகு "ஆர்வம் இல்லை" என்றால் எப்படி ஐயா?

இப்போது மலைக்கு வருகிறேன். ஓய்வுபெறும் முன் சில ஆண்டுகள் ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளி, ஒன்று முதல் எட்டாம் வகுப்புக்கு 2021 நவம்பர் ஒன்றாம் தேதிதான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நகரத்து உறவினர் வீடுகளில் எல்லாம் நேரலை வகுப்பு. காலை ஒன்பது மணிக்குக் குழந்தை திரை முன் உட்கார வேண்டும். மலையில் வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். சாயங்காலம் அவர் வந்த பிறகு, சிக்னல் கிடைக்கும் பாறையில் ஏறி நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பெயர் ஆர்வமின்மையா?

கல்வித் தொலைக்காட்சி இருந்தது, உண்மை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் அரசு மடிக்கணினியில் பாடக் காணொளிகளைப் பள்ளியிலேயே ஏற்றியும் கொடுத்தார்கள். அது சரியான யோசனை, பாராட்டுகிறேன். ஃபிடோநெட் செய்ததும் அதுதானே: சேர்த்து வை, ஒரே தடவையில் கொடு. சின்னப் பிள்ளைகளின் செயலிகளை எழுதியவர்களுக்கு மட்டும் இது தோன்றவில்லை. பட்டனை அழுத்தினால் சக்கரம் சுற்றுகிறது. சிக்னல் அறுந்தால் எழுதிய விடையும் போச்சு. எத்தனை எம்.பி. தின்றது என்று ஒரு வரி சொல்வதில்லை. நாற்பது ஆண்டுக்கு முன் ஒரு தனி மனிதர் எழுதிய மென்பொருள், அனுப்பும் முன் "யார் காசு, எவ்வளவு" என்று கேட்டது. நீங்கள் எழுதுவது கேட்பதில்லை, ஏனென்றால் உங்கள் பில்லைக் கம்பெனி கட்டுகிறது.

"இப்ப டேட்டா சும்மா மாதிரிதானே டீச்சர்" என்று சொல்ல வருகிறவர்கள், கூலி வேலை செய்யும் வீட்டில் ரீசார்ஜ் முடிந்த மறுநாள் போய்ப் பாருங்கள்.

அந்த மாணவருக்கும் லைக் போட்டவர்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் பேருந்து இருக்கிறது. உங்கள் செயலியைத் திறந்து, ஒரு பிள்ளை எழுதுவது போல நாலு விடை எழுதிக்கொண்டே ஏறுங்கள். மலையில் சிக்னல் போகும் இடத்தில் அந்த நாலு விடையும் என்ன ஆகிறது என்று பார்த்து, கீழே கமெண்டில் எழுதுங்கள். திருத்தி மதிப்பெண் போட நான் இருக்கிறேன்.