எங்கே நின்று படம் எடுப்பது?

பேராதனையிலே குடியிருப்பவர்களுக்குச் சித்திரை மாதம் பிறந்துவிட்டதென்று நாட்காட்டி சொல்லவேண்டுவதில்லை. கம்பளைப் பாதையே சொல்லிவிடும். இங்கிருந்து புறப்பட்டு, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை என்று ஏறக்குறைய 70 கிலோமீற்றர் வளைந்து வளைந்து மலையேறி நுவரெலியாவை அடையும் பெருந்தெரு அது. புத்தாண்டு விடுமுறைக்குச் செல்லும் குடும்பங்களின் வாகனங்களுக்கு நடுவே, தாழ்ந்த உடலும் அகன்ற ரயர்களும் உரத்த குரலும் கொண்ட சில கார்களும் அப்பாதையால் ஏறிச்செல்லும். வேறு சில கார்கள் லொறிகளின் முதுகிலே கட்டப்பட்டு, மாப்பிள்ளை ஊர்வலம் போலப் போகும். நுவரெலியாவின் வசந்தகால விழாவில் மோட்டார்ப் பந்தயம் பழைய வழக்கம். மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பாதையில், கார்களை ஒவ்வொன்றாக மேலே ஓடவிட்டு நேரம் கணிக்கும் மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டிலேயே தொடங்கியதாகும்.

இவற்றைப்பற்றி எனக்கு என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். எல்லாம் என் சகோதரியின் மகனால் வந்தது. பொறியியல் படிக்கும் அப்பிள்ளை, இரண்டாண்டு காலம் சேர்த்த பணத்தில் பழைய கமரா ஒன்றை வாங்கினான். பூவையும் மலையையும் எடுப்பான் என்று நாங்கள் நினைத்தோம். பூந்தோட்டம் கூப்பிடு தூரத்தில் இருக்க, அவனோ கராஜ் கராஜாக அலைந்து கார்களைப் படம் பிடிக்கலானான்.

அவனோடு இரண்டொரு தடவை போன பின்னரே, அவ்விருப்பத்தில் பொருள் உண்டென்று உணர்ந்தேன். நம் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், உள்ளதைக்கொண்டு ஓடச்செய்யும் கைவேலைக்கு இருந்த மதிப்பு இன்னும் கூடிற்று. பந்தயக்காரரின் கராஜிலே அக்கைவேலையின் உச்சத்தைக் காணலாம். 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த மினி கார் 848 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தோடு, சிறு குடும்பம் கடைக்குப் போய்வரச் செய்யப்பட்டது. அதன் சக்கரங்கள் நான்கும் நான்கு மூலைகளில் இருப்பதால் வளைவுகளிலே அது சறுக்காமல் பற்றிச் செல்லும். ஆகவே இலங்கைப் பந்தயங்களில் மினிகளுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. பின் ஆசனம் கழற்றப்பட்டு, சாரதியைக் காக்க உருக்குக் குழாய்களால் உள்ளே கூடு கட்டப்பட்டு, ஒவ்வோர் ஆணியும் மீள முடுக்கப்பட்ட அந்தச் சிறு வண்டியைப் படம் எடுப்பது, ஒரு கைவினைஞனின் வேலையைப் பதிந்து வைப்பதேயாகும்.

நிற்கும் காரைப் படம் எடுப்பது எளிதென்று எண்ணியிருந்தேன், அதுவும் பிழை. மெருகிட்ட கார் ஒரு கண்ணாடி. நாம் அதை எடுப்பதாக நினைத்திருக்க, அது நம்மையும் நமக்குப் பின்னால் நிற்கும் கச்சான் வண்டியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். கண்டிப் பக்கத்து மைதானம் ஒன்றில் நடந்த கார்க் காட்சிக்கு உச்சிவெயிலில் போய், என் மருமகன் எடுத்த முப்பது படங்களிலும் பொனற்றின்மேல் அவனுடைய தொப்பியே தெரிந்தது! மறுமுறை அவன் முகில் மூடிய காலைப்பொழுதில் போனான். ஹந்தானை மலையைத் தழுவிவரும் வெண்முகில், வானம் முழுவதையும் ஒரே வெள்ளைத் திரையாக்கிவிடுகிறது. அவ்வொளியிலே காரின் வளைவுகள் யாவும் தெளிவாகத் தோன்றின. அவன் நின்று எடுக்காமல், விளக்குகளின் மட்டத்துக்குக் குனிந்து எடுத்தான். அனுமதி கேட்டான், உரிமையாளர் தாமாகவே பொனற்றைத் திறந்து காட்டினார். பொறுமையும் மரியாதையும் இங்கே பாதித் தொழில் என்பதை அவன் கற்றுக்கொண்டான்.

ஓடும் காரின் படங்களோடு அவன் வந்தபோதுதான் எங்கள் வழக்குத் தொடங்கியது. செக்கனின் 1,000இல் ஒரு பங்கு நேரத்தில் எடுத்த படங்கள். எழுத்துக்கள் யாவும் துலக்கமாக இருந்தன. ஆனால் கார் ஓடவில்லை. புழுதி மட்டும் இல்லையென்றால், யாரோ பாதை நடுவே காரை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கிறார் என்றே சொல்லலாம்.

“மாமா, தூரத்தில் நின்றதுதான் பிழை. வருகிற முறை வளைவுக்குக் கிட்டப் போய் எடுக்கப்போகிறேன்” என்றான்.

கேட்டுக்கொண்டிருந்த என் சகோதரியின் முகம் மாறியது. அவள் எதை நினைத்தாள் என்பது எனக்குத் தெரியும். 2024 ஏப்ரல் 21ஆம் நாள், தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் பந்தயத்தின்போது, ஓடுபாதையை விட்டு விலகிய கார் ஒன்று பக்கத்தே நின்றவர்களுள் பாய்ந்தது. 7 பேர் மாண்டனர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும், கடமையில் நின்ற பந்தயப் பணியாளரும் இருந்தனர். 20க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். விடுமுறை நாளொன்றில் குடும்பம் குடும்பமாகப் பார்க்கச் சென்றவர்களின் கதி இது. இது நமக்கு மட்டும் நேர்ந்ததுமன்று. 1903இல் பாரிசிலிருந்து மட்றிட் நோக்கிப் புறப்பட்ட பந்தயம், வழியோரத்தில் நின்றவர்களும் ஓட்டியவர்களும் மாண்டமையால் போர்தோ நகரில் நிறுத்தப்பட்டது. 1955இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் 80க்கும் மேற்பட்ட பார்வையாளர் ஒரே விபத்தில் இறந்தனர்.

“இவனைப் போகவேண்டாம் என்று சொல்லுங்கள், அண்ணா” என்றாள் சகோதரி.

இருபது வயதுப் பிள்ளையிடம் போகாதே என்றால், சொல்லாமல் போவான். ஆகவே நான் தடை சொல்லவில்லை. கடதாசியும் பென்சிலும் கொண்டுவரச் சொன்னேன்.

மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார், ஒரு செக்கனில் ஏறக்குறைய 28 மீற்றர் ஓடும். அது நேரே உன்னை நோக்கி வருகிறது. உனக்கும் அதற்கும் இடையே 20 மீற்றர் தூரம் என்று வைத்துக்கொள். அது உன்னை வந்தடைய முக்கால் செக்கனும் செல்லாது. ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, காலை எடுத்து வைக்கும் முன்னே அந்த நேரம் முடிந்துவிடும். கண் கமராவுக்குள் இருந்தால், காண்பதே பிந்திவிடும். வளைவிலே பிடிதவறிய கார் எந்தத் திசையில் போகும் என்பதை நியூற்றன் சொல்லியிருக்கிறார்: தான் போய்க்கொண்டிருந்த நேர்கோட்டிலே. ஆதலால் வளைவின் வெளிப்புறமும், நீண்ட நேர்ப்பாதை முடியும் முனையும் மிகக் கொடிய இடங்கள். சாரதி திடீரென்று திருப்பினால் கார் உட்புறமும் பாயக்கூடும். உயர்ந்த திட்டும், உறுதியான தடுப்பும், போதிய தூரமுமே காவல்.

இவ்வளவையும் தலையசைத்துக் கேட்டவன், “அப்படியானால் படம்?” என்றான். அதற்கும் அதே 28 மீற்றரே விடை சொன்னது.

செக்கனின் 1,000இல் ஒரு பங்கில் கார் நகர்வது ஓர் அங்குலத்திற்குச் சற்று மேல். சக்கரம் திரும்பியதே தெரியாது. அதுதான் கார் நிற்பதுபோலத் தோன்றக் காரணம். செக்கனின் 60இல் ஒரு பங்கு என்று கமராவை வைத்தால், அந்நேரத்தில் கார் ஒன்றரை அடி ஓடும். சக்கரம் ஏறத்தாழக் கால் சுற்றுச் சுற்றும். காரோடு சேர்த்துக் கமராவையும் ஒரே சீராகத் திருப்பிக்கொண்டே பொத்தானை அழுத்தினால், காரின் உடல் துலங்கும், சக்கரம் சுழலும், பின்னணி கோடு கோடாக ஓடும். வேகம் படத்தினுள் வந்துவிடும்.

இனி, எங்கே நின்று திருப்புவது? 5 மீற்றர் தூரத்தில் நின்றால், கார் முன்னால் கடக்கும் வேளையில் செக்கனுக்கு 320 பாகை வீதம் கமராவைத் திருப்ப வேண்டும். எந்த மனிதனாலும் அதைச் சீராகச் செய்ய இயலாது. 50 மீற்றரில் நின்றால் 32 பாகை போதும். மரக்கிளையிலிருந்து பறக்கும் கொக்கைத் தலைதிருப்பிப் பார்ப்பது போன்றது. தூரத்தை ஈடுசெய்யக் குவியத்தூரம் நீண்ட வில்லை இருக்கிறது. ஆகவே, உயிரைக் காக்கும் தூரமே நல்ல படத்தையும் தருகிறது. கிட்டப் போனால் இரண்டும் கெடும்.

படக்கலையின் வரலாற்றிலும் இதற்கொரு துணை உண்டு. 1894இல் பிறந்த லார்த்தீக் என்ற பிரெஞ்சுக்காரர், இருபது வயது நிரம்பாத பருவத்தில், பந்தயக் கார் ஒன்றைக் கமராவைத் திருப்பியபடியே எடுத்தார். கமராவின் திருப்பம் காரின் வேகத்துக்கு ஈடாகவில்லை. கமராவினுள்ளே ஒளியைவிடும் பிளவும் மெதுவாகவே நகர்ந்தது. அதனால் படத்தில் சக்கரம் நீள்வட்டமாகி முன்னே சாய்ந்தது. பார்வையாளர்களும் கம்பங்களும் பின்னே சாய்ந்தார்கள். சரியாக வராத அந்தப் படமே இன்று வேகத்தின் வடிவமென்று போற்றப்படுகிறது. வேகம், நெருங்கி நின்று அகப்படுவதன்று. கையும் காலமும் இசைந்து அகப்படுவது என்பதற்கு இதுவே சான்று.

அடுத்த சில மாதங்கள் என் மருமகன் ஒரு கடையின் மேல்மாடியில் நின்று, கம்பளைப் பாதையில் போகும் முச்சக்கர வண்டிகளையும் பஸ்களையும் எடுத்துப் பழகினான். முதல் நூறு படங்களில் ஒன்றும் தேறவில்லை. பின்னர், வாழைக்குலை ஏற்றிய முச்சக்கர வண்டி ஒன்று உலகப் பந்தயத்துக்குப் போவதுபோல ஒரு படத்தில் பறந்தது. வீடு முழுவதும் சிரித்தோம்.

பின்பு பந்தயத்துக்கும் போனான். பிள்ளைகள் பலர் நாடாவைத் தாண்டிப் பாதையோரத்துக்கு இறங்கி நின்றார்களாம். சிலர் முதுகைக் காருக்குக் காட்டிக் கைத்தொலைபேசியில் தம்மைத்தாமே எடுத்துக்கொண்டிருந்தார்களாம். “பயந்தாங்கொள்ளி” என்று இவனையும் ஒருவன் கூப்பிட்டானாம். இவன் மேலே திட்டில், வேலிக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறான்.

எண்பது படங்களில் இரண்டைத் தெரிந்தெடுத்துக் காட்டினான். ஒன்றில், சிவப்பு நிற மினி ஒன்று புழுதியைக் கிழித்துக்கொண்டு பறந்தது. மற்றதில், ஓட்டம் முடிந்த காரின் கீழே படுத்திருந்த மெக்கானிக்கின் எண்ணெய் படிந்த இரு கைகள் மட்டும் தெரிந்தன. சகோதரி முதற்படத்தை நெடுநேரம் பார்த்தாள். காரைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“நீ எங்கே நின்றாய்?” என்று மட்டும் கேட்டாள்.

அவன் இடத்தைச் சொன்னான். தூரத்தையும் மீற்றரிலே சொன்னான். அவள் எழுந்து தேநீர் வைக்கப் போனாள்.

வருகின்ற சித்திரையில் இம்மலைப்பாதை வழியே கமராவோடு ஏறிப்போகும் தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் காத்திருப்பார். அவருக்கு மறைக்காமல் விடை சொல்லக்கூடிய இடத்தில் நின்று படம் எடுங்கள். படமும் நன்றாக வரும்.