பெல்ட் வேண்டாம், ஒரு ஆள் வேணும்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூல ஒவ்வொரு வருஷமும் தவறாம வர்ற டைட்டில் ஒண்ணு இருக்கு: வயதானவர்கள் கீழே விழுந்தால் கண்டுபிடிக்கும் பெல்ட். ஒரு ஆக்சிலரோமீட்டர், ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல், விழுந்ததும் மகன் போனுக்கு மெசேஜ். டெமோவுக்கு டீம்லயே ஒல்லியா இருக்கறவனை பெட்ஷீட் மேல விழ வைப்பாங்க. மார்க்கும் நல்லாவே வரும். மெசேஜ் போற மகன் பெங்களூர்ல இருக்கான். அதைப் பார்த்துட்டு அவன் யாரைக் கூப்பிடுவான்? இதை எந்த ரிவ்யூலயும் யாரும் கேட்டதில்ல.

சரவணம்பட்டியில நமக்குத் தெரிஞ்சது சத்தி ரோடு, ஐடி பார்க், பிஜி, பேக்கரி. அதுக்குப் பின்னாடி சந்துக்குள்ள போனா பழைய ஓட்டு வீடுகள் இன்னும் இருக்கு, திண்ணையில யாராவது ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பாங்க. கோவில்பாளையம், அன்னூர் தாண்டினா தோட்டத்துச் சாளைகள். பக்கத்து வீடுன்னு சொல்றதே கூப்பிடு தூரத்துல இருக்காது. 2025-ல ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் அப்படித் தனியா இருந்த ஒரு வயசான தம்பதி கொல்லப்பட்டப்போ எல்லாரும் சிசிடிவி பத்தித்தான் பேசினோம். தினமும் எட்டிப் பார்க்க யார் இருந்தாங்கன்னு பேசல.

2011 சென்சஸ்படி தமிழ்நாட்டுல 60 வயசு தாண்டினவங்க 10.4 சதவீதம். 2021-க்கான கணிப்பு 13.6. கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். அரசு சும்மா இருக்குன்னு சொல்ல முடியாது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது, பிசியோதெரபி வருது. 2025 ஆகஸ்ட்ல தாயுமானவர் திட்டத்துல வயசானவங்களுக்கு ரேஷனும் வீட்டுக்கே வர ஆரம்பிச்சது. பென்ஷன் இருக்கு. பகல்ல இருந்துட்டுப் போக 25 அன்புச்சோலை மையங்கள்னு 2025-26 பட்ஜெட்ல அறிவிச்சாங்க. 14567-ன்னு உதவி எண்கூட இருக்கு.

எல்லாமே நல்ல திட்டம்தான். ஆனா ஒவ்வொண்ணும் வேற வேற துறை, வேற வேற ஆள், வேற வேற பதிவேடு. அரிசி கொண்டுவர்றவருக்கு மாத்திரை தெரியாது, மாத்திரை கொண்டுவர்றவங்களுக்கு அரிசி தெரியாது. போன மாச அரிசி அப்படியே மூட்டையில இருந்தா பாட்டி சரியா சாப்பிடலைன்னு அர்த்தம். அந்தத் தகவல் எந்த நோட்டுலயும் ஏறாது.

முதுமைத் தளர்ச்சின்னு ஒண்ணு இருக்கு. அது வியாதி இல்ல, அதனால ஒரு டெஸ்ட்ல மாட்டாது. லிண்டா ஃப்ரீட்ங்கற அமெரிக்க டாக்டரும் அவர் குழுவும் 2001-ல அதுக்கு அஞ்சு அடையாளம் சொன்னாங்க: தானா எடை குறையறது, சோர்வு, கைப்பிடி தளர்றது, நடை மெதுவாகறது, நடமாட்டம் குறையறது. இதுல மூணு இருந்தா ஜாக்கிரதை. பிரஷர் ரீடிங் பக்காவா இருக்கும்போதே ஒருத்தர் இப்படிக் கரைஞ்சுட்டு இருக்கலாம்.

எங்க அம்மிச்சியோட மஞ்சப்பையைப் பாருங்க. பிரஷர் மாத்திரை ஒரு டாக்டர் குடுத்தது, முட்டிவலிக்கு இன்னொரு டாக்டர், தூக்கத்துக்கு ஒரு மெடிக்கல் ஷாப் அண்ணா. வலி மாத்திரையில சிலது பிரஷரை ஏத்தும், கிட்னியையும் பாதிக்கும். தூக்க மாத்திரை ராத்திரி பாத்ரூம் போறப்போ தள்ளாட வைக்கும். மூணையும் ஒண்ணா பார்த்த ஒரே ஆள் அந்த மஞ்சப்பைதான்.

அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோ சைனா டவுன்ல 1971-ல ஆன் லோக்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. டாக்டர், நர்ஸ், பிசியோ, சமையல், வண்டி எல்லாம் ஒரே டீம். அதைப் பார்த்து நாடு முழுக்க வந்த திட்டத்தோட விதியில டீம் உறுப்பினர் பட்டியல்ல வண்டி டிரைவரும் இருக்காரு! எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. போன வாரம் தானா ஏறின தாத்தா இந்த வாரம் கம்பியைப் பிடிச்சுத் தொங்கறாருன்னு முதல்ல தெரியறது அவருக்குத்தானே.

அமெரிக்கக் காசு நம்மகிட்ட இல்லைம்பீங்க. சரி, வாளையாறு தாண்டிப் பாருங்க. கோழிக்கோடு, மலப்புறம் பக்கம் அந்தந்த ஏரியா ஆளுங்களே பயிற்சி எடுத்து, படுக்கையில இருக்கறவங்களை வீட்டுலயே போய்ப் பாக்கறாங்க. கேரள அரசு 2008-ல இதுக்குன்னு தனிக் கொள்கையே கொண்டுவந்து பஞ்சாயத்துகளை உள்ள இழுத்துச்சு. ஸ்டூடண்ட்ஸும் இதுல இருக்காங்க.

நாமளும் என்எஸ்எஸ்ல வருஷத்துக்கு 120 மணி நேரம் கணக்குக் காட்டணும். பாதி நேரம் பேனர் பிடிக்கறதுலயே போயிடுது, உண்மையைச் சொன்னா. அதை மாத்தலாம். காலேஜுக்குப் பின்னாடி இருக்கற சந்துகள்ல பத்து வீடு. ஒரு வீட்டுக்கு ரெண்டு பேர், மாறாத ஆட்கள், வாரம் ஒரு தடவை. மாத்திரைப் பையை போட்டோ எடுக்கறது, எடை பாக்கறது, நாலு மீட்டர் நடக்க எத்தனை செகண்ட் ஆகுதுன்னு குறிக்கறது, கொஞ்ச நேரம் பேசறது. மருத்துவம் பாக்கறது நம்ம வேலை இல்ல.

ஆனா நாம நாலு வருஷத்துல கிளம்பிடுவோம். அதனால பொறுப்பு நம்மகிட்ட இருக்கக் கூடாது. கார்ப்பரேஷன் ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் சொல்லி ஒரு நர்ஸ் இருக்கணும். மாத்திரை, ரேஷன், பென்ஷன், பிசியோ நாலும் அவங்க நோட்டுல ஒரே பக்கத்துல வரணும். அவங்க போன் நம்பர் பாட்டி வீட்டுச் சுவத்துல பெருசா எழுதியிருக்கணும். தன்னார்வலர்னு சொல்லி ஊக்கத்தொகையில ஓட்டாம, அதுக்கு ஒழுங்கா ஒரு சம்பளம் வேணும்.

‘பெத்த பிள்ளைங்க பாத்துக்கணும், இதெல்லாம் எதுக்கு’ன்னு கேக்கறவங்க இருக்காங்க. பிள்ளைங்க பாத்துக்கத்தான் செய்யறாங்க, வீடியோ கால்ல. கேமராவுல முகம் தெரியும், கால் வீக்கம் தெரியாது.

அப்புறம் அந்த பெல்ட். ஜூனியர்ஸ், தாராளமா பண்ணுங்க. மெசேஜ் போற நம்பரை மட்டும் மாத்துங்க. யார் நம்பர் போடறதுன்னு தெரியலைன்னா, முதல்ல அந்த ஆளைத் தேடற வேலையை ஆரம்பிங்க. அந்த சுகாதார நிலையம் சாயந்திரம் மூடறதுக்குள்ள நடந்தே போயிடலாம்.